கழுவிய கை

அருவருப்பு என்பது அவளுக்குச் சாப்பாட்டில் உப்பு மாதிரி. அது இல்லாமல் ஒரு நாளும் இறங்காது. பேருந்தில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். இறங்கியதும் அந்தக் கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கி ஒரு பாலித்தீன் பைக்குள் போடுவாள். கதவைத் தோளால் தள்ளுவாள். லிஃப்டில் பொத்தானை அமுக்கச் சாவி முனை. வீட்டில் கணவர் பாத்திரம் கழுவி வைத்தால், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி கழுவுவாள். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர். தினமும் யாராவது ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை பழகிவிட்டது. "நான் கழுவுறது ஒத்திகை, நீ கழுவுறதுதான் நாடகம்" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

வேலை பார்க்கிற இடத்தில் அவளுக்கு வைத்த பெயர் சோப்பு. பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் சோப்புப் போட்டுப் பேசத் தெரியாதவளுக்கு இந்தப் பெயர் வாய்த்ததில் அங்கே எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

இப்படிப்பட்டவள் வேலை பார்ப்பது எங்கே என்று கேட்டால் சிரிப்பு இன்னும் கூடும். பாசி வளர்க்கிற இடத்தில். ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த நீளமான கூடம் அது. இப்போது சுவரோரமெல்லாம் இரும்பு அலமாரி, அலமாரித் தட்டெல்லாம் தண்ணீர்த் தாம்பாளம், தாம்பாளம் ஒவ்வொன்றிலும் ஈரத்துணி, துணியின் மேல் மெல்லிய பச்சைப் படலம். மேலே டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டே இருக்கும். சாம்பல் மேடு, தோண்டிப் போட்ட மண் குவியல், இப்படிக் காற்றடித்தால் ஊரெல்லாம் தூசியாகிற இடங்களுக்கு இந்தத் துணியைக் கொண்டுபோய் விரிப்பார்கள். பாசி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தூசி எழும்பாது. முதலாளியம்மா படித்தது வணிகம். பாசியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்க வேண்டும், வண்டி வருகிற அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சோப்பின் பொறுப்பு. மைக்ராஸ்கோப்பும் அவளுடையது.

பாசி அவளுக்கு அருவருப்பாக இல்லையா என்றால், இல்லை. கழிவறைச் சுவரில் தானாகப் பிடிக்கிற பாசி வேறு. இது மூடி போட்ட குப்பியில் வந்து, காய்ச்சிய தண்ணீரில் வளர்ந்தது. வேறு எதுவும் கலக்காத, ஒரே ஒரு சாதிப் பச்சை. உலகத்திலேயே தன் வீட்டுக் கரண்டிகளுக்கு அடுத்தபடியாகச் சுத்தமான பொருள் இதுதான் என்று அவள் நம்பினாள்.

அந்தக் கூடத்தில் மிகவும் நுணுக்கமான வேலை, தாய்த்துணியிலிருந்து படலத்தை உரித்துப் புதுத் துணிக்கு மாற்றுவது. கையுறை போட்டால் படலம் ரப்பரில் ஒட்டிக் கிழிகிறது. இடுக்கியால் பிடித்தால் நார்நாராகப் போகிறது. வெறும் விரல்நுனியை ஈரமாக்கி, ஓரத்தை நெருடி, புண்ணில் ஒட்டின பஞ்சை எடுப்பது போல எடுக்க வேண்டும். இருப்பதிலேயே சுத்தமான கை யாருடையது? அதனால் அந்த வேலை அவளுடையது. வேறு யாரும் தாய்த்துணியைத் தொடக்கூடாது.

படலம் மாற்றுவதற்கு முன்னால் அவள் கை கழுவுவதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருவார்கள். முழங்கை வரைக்கும் சோப்பு. பிறகு நகத்துக்கென்று ஒரு சின்னப் பிரஷ். அந்தப் பிரஷ்ஷைக் கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைத்திருந்தாள். காய்ந்தால் முள் மாதிரி குத்துகிறது என்று. டம்ளரில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தது. நகக்கண்ணெல்லாம் தேய்த்து, குழாயில் அலசி, ஸ்பிரிட்டைப் பீய்ச்சி, கையை மேலே தூக்கிக் காற்றில் உலர்த்திக்கொண்டு உள்ளே வருவாள். துண்டு என்ற பேச்சே கிடையாது. துண்டு என்பது அடுத்தவன் அழுக்கைத் துடைத்து உனக்காக எடுத்து வைத்திருக்கிற துணி என்பது அவள் கட்சி.

அவளுடைய அருவருப்புக்கு அந்தக் கூடத்தில் ஓர் ஆள் உருவம் இருந்தது. தாம்பாளத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், தூக்கி மாற்றுகிறவர். இடம் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். நல்ல மனிதர், கடின உழைப்பாளி, எல்லாம் சரி. ஆனால் அவருடைய தாடை நின்று யாரும் பார்த்ததில்லை. வறுத்த கடலை, பன், பிஸ்கட், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு துரும்பு. வேலை இடத்தில் தின்னக்கூடாது என்பதால் வாசல்படிக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தின்பார். சட்டைப் பையில் கடலைத் தோல். மீசையில் பன் துணுக்கு. பொட்டலத்தைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று புரண்டு வரும். அவருக்கு 'மேய்ச்சல்' என்று பெயர் வைத்தவளே அவள்தான். பெயர் பற்றிக்கொண்டது. முதலாளியம்மாகூட "மேய்ச்சலைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார். தன் பெயர் இதுதான் என்று அந்த மனிதருக்கும் தெரியும். தெரிந்தும் சிரிப்பார்.

தினமும் அவள் அந்த வாசலைத் தாண்டும்போது பொட்டலத்தை நீட்டுவார்.

"கொஞ்சம் எடுத்துக்கம்மா, சூடா இருக்கு."

"உங்க கை போன பொட்டலத்துல என் கை போகாதுண்ணே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு, மறுநாள் புதிதாகக் கேட்பது போல மறுபடி நீட்டுவார். அவர் மனதில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. அது வேறு அவளுக்கு எரிச்சல்.

ஒருநாள் காலையில் தாய்த்துணியில் ஒரு ஓட்டை தெரிந்தது. குண்டூசித் தலை அளவு. பச்சைக்கு நடுவில் வெள்ளைத் துணி பல்லைக் காட்டியது. அடுத்த நாள் அது சட்டைப் பொத்தான் அளவு ஆகிவிட்டது. பக்கத்தில் இன்னும் நாலைந்து. வார முடிவில் துணியே சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

ஓட்டையின் விளிம்பைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கண்ணை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மறுபடி வைத்தாள்.

அமீபா. ஒன்றிரண்டு இல்லை, மொய்த்துக் கிடந்தன. சளியைத் துப்பி அந்தச் சளிக்கு உயிர் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. முகம் இல்லை, வால் இல்லை. உடம்பிலிருந்து முள் முள்ளாக எதையோ நீட்டித் தடவித் தடவி நகர்கின்றன. ஒரு பாசி எதிர்ப்பட்டால் அதன் மேல் அப்படியே வழிகின்றன. வாய் என்று தனியாக எதுவும் இல்லாததால் உடம்பின் எந்த இடமும் வாய்தான். விழுங்கின பாசி உள்ளே பச்சையாகத் தெரிகிறது, மெல்ல மெல்லப் பழுப்பாகிறது, பிறகு சக்கையாகிறது. அந்தச் சக்கையை நின்று கழிக்கக்கூட நேரமில்லாமல், தின்றுகொண்டே பின்பக்கமாக விட்டுவிட்டுப் போகின்றன. வயிற்றுக்குள் ஒரு நீர்க்குமிழி ஊதி ஊதி வெடிக்கிறது. ஒன்று இரண்டாகப் பிரிகிறது, பிரிந்த கையோடு இரண்டும் தின்ன ஆரம்பிக்கின்றன. நடுவே நூல் மாதிரி ஒரு புழு புரண்டு புரண்டு வந்து, அமீபா விட்டுவைத்ததை உறிஞ்சிக்கொண்டு போயிற்று. இன்னொன்றின் தலையில் மயிர்க்கற்றை சுழன்றுகொண்டே இருந்தது. அந்தச் சுழிக்குள் எதிர்ப்பட்டதெல்லாம் போயிற்று.

எழுந்து போய்க் கழுவினாள். சோப்பு, பிரஷ், குழாய், ஸ்பிரிட். வந்து உட்கார்ந்து, திரும்ப எழுந்து போய் இன்னொரு தடவை.

இந்தப் பிராணிகளைப் பற்றி அவளுக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் பாசிக் குப்பியைக் கொடுத்த கல்லூரிக்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். மண்ணில் எல்லா இடத்திலும் இருக்கும், பாசிப் படலம் கிடைத்தால் மாடு புல்லை மேய்வது போல மேய்ந்துவிடும், அதற்குப் பெயரே மேய்ச்சல்தான் என்று சொல்லியிருந்தார்கள். பிழைப்பு கெட்டால் ஓடு கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும், சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் லேசில் சாகாது என்றும் சொன்னார்கள். அவள்தான் அந்தக் கடைசி வாக்கியத்தை அத்தனை கவனமாகக் கேட்கவில்லை.

முதலாளியம்மா காதில் போனோடு வாசலில் வந்து நின்றார். மறுமுனையில் சாம்பல் மேட்டுக்காரர்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"துணி ஏன் இப்படி ஆச்சு? காரணம் என்ன, ஒரே வார்த்தையில சொல்லு."

"மேய்ச்சல்தான் மேடம்."

முதலாளியம்மாவின் முகம் மாறிற்று. திரும்பி வாசலுக்கு வெளியே இருந்த ஸ்டூலைப் பார்த்தார். அங்கே தாடை அசைந்துகொண்டிருந்தது.

"நெனச்சேன்" என்றார். "ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் போகிற வேகத்தைப் பார்த்த பிறகுதான் சோப்புக்குத் தான் சொன்னது எப்படிக் காதில் விழுந்திருக்கிறது என்று உறைத்தது. "மேடம், அது இல்ல..." என்று எழுந்தாள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிறவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. முதலாளியம்மாவின் கை வாசலையும் தாம்பாளங்களையும் மாறி மாறிக் காட்டிற்று. அந்த மனிதர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வாயில் இருந்த பன் பாதி வெளியே வந்து, ஈரமாக, தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள். போனால் போகட்டும் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த அமீபா எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்தானே? அழுக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதானே வரும்? அப்படியானால் தான் சொன்னது தப்பாகக் கேட்கப்பட்டாலும் தப்பான இடத்துக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

போகும்போது அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏம்மா, அந்தப் பச்சைய நான் ஒரு நாளாச்சும் கையால தொட்டிருக்கேனா? தாம்பாளத்தோட விளிம்பத்தானே தூக்குவேன். நீ பார்த்துக்கிட்டுதானே இருக்க. மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். இந்த வயசுல நான் எங்கம்மா போய் வேலை தேடுறது?"

"பாக்கலாம்ணே" என்றாள். அவர் சட்டைப் பையில் இருந்த ஈரக்கறையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இரு இரு. நீ சொன்ன மேய்ச்சல் புழு. அவங்க கேட்ட மேய்ச்சல் ஆளு. அப்படித்தானே?"

"ஆமா."

"சரி, அப்புறம் போய்ச் சொல்லிட்டியா, அது ஆளு இல்லைன்னு?"

அவள் டம்ளரை இன்னொரு முறை அலசினாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். சொன்னியா இல்லையா?"

"அவராலதான் வந்திருக்கும். நீங்க அவர் திங்கிறதைப் பார்த்ததில்ல."

"திங்கிறதைப் பார்க்கலை. ஆனா போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தப்ப வண்டில உக்கார வெச்சு வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டாரே, அதைப் பார்த்தேன்." சிரிப்பு நின்றுபோயிருந்தது. "சரி விடு. கை கழுவுறதுதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே. ஆளையும் கழுவிட்ட."

அன்றைக்கு அவர் பாத்திரம் கழுவவில்லை.

வேலையிலிருந்து அந்த மனிதர் போன பிறகு வாசல் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. தண்ணீர் ஊற்றுவதை முதலாளியம்மாவின் டிரைவர் பார்த்துக்கொண்டார். சோப்பு புதுத் துணி விரித்தாள், மிச்சமிருந்த நல்ல இடமாகப் பார்த்துப் படலத்தை மாற்றினாள், இன்னும் அதிகமாகக் கை கழுவினாள். பிரஷ் போட்ட தேய்ப்பில் நகக்கண் சிவந்துவிட்டது. ஓட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. அதிகமாகவே விழுந்தன.

"ஆள்தான் போயாச்சே, இன்னும் ஏன்?" என்றார் முதலாளியம்மா.

"அவர் விட்டுட்டுப் போன கிருமி மேடம். ஓடு கட்டிக்கிட்டு இருக்கும், லேசுல சாகாது."

"அப்ப எனக்கு அதைக் காட்டு. சனிக்கிழமை கூடத்துச் சாவியைத் திருப்பிக் குடுக்க வர்றான். திங்கக்கிழமை புது ஆள் வந்துடுவான். அத்தனை வருஷம் இருந்தவனை வாயால மட்டும் சொல்லி அனுப்ப எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இதோ பாரு, இதுதான் உன் கைன்னு காட்டி அனுப்பணும்."

காட்டுவது சுலபம். கல்லூரியிலிருந்து மூடி ஒட்டின கண்ணாடித் தட்டுகள் வந்தன. உள்ளே ஜெல்லி, ஜெல்லியின் மேல் ஒரே சீராகப் பச்சை. ஐந்து விரலை அதில் லேசாக ஒற்றி மூடி வைத்தால், கையில் என்ன இருக்கிறதோ அது தானாக வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சனிக்கிழமை அவர் வந்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார். கையில் பொட்டலம் இல்லை. தாடை அசையவில்லை. அசையாத அந்த முகம் யாரோ வேறு ஒருவருடையது போல இருந்தது.

"எப்பவும் போல எதாச்சும் தின்னுட்டு வாங்கண்ணே" என்றாள் சோப்பு. "தினமும் இருக்கிற கை எப்படியோ அப்படியே வேணும்."

"இப்பவா? பசியில்லம்மா."

"சோதனைக்குத்தான்."

தெருமுனைக்குப் போய் ஒரு பன் வாங்கி வந்தார். பழைய ஸ்டூலில் உட்கார்ந்து, அவளும் முதலாளியம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, மென்றார். பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். எத்தனையோ தடவை பார்த்துக் குமட்டிய காட்சிதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் குமட்டல் வேறு எங்கிருந்தோ வந்தது. இன்ன இடம் என்று சொல்லத் தெரியவில்லை. பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கைரேகை எடுக்குறீங்களா?" என்று கேட்டபடி பச்சையில் விரலை ஒற்றினார். துணுக்குகள் ஒட்டிக்கொண்டன.

அடுத்து அவள் தன் கையைக் கழுவாமல் ஒரு தட்டில் ஒற்றினாள். பிறகு போய்ச் சோப்பு, பிரஷ், குழாய், ஸ்பிரிட் எல்லாம் முடித்து, கையைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னொரு தட்டில் ஒற்றினாள். இந்தத் தட்டுக்கு அவசியமே இல்லை.

"சுத்தமான கைன்னா எப்படி இருக்கும்னு பக்கத்துல வெச்சுக் காட்டலாம் மேடம்" என்றாள்.

தட்டுகளின் அடியில் அடையாளம் எழுதி, வெளிச்சத்தில் வைத்தார்கள். முடிவு தெரிந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லி முதலாளியம்மா அவரை அனுப்பினார். புது ஆளையும் அதுவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தட்டுகளை எடுத்துப் பார்த்த காலையில் கூடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். முதலில் அவருடைய தட்டு. மூடியைத் திறக்காமலே முகம் சுளித்தாள். மஞ்சள் புள்ளி, வெள்ளைப் புள்ளி, பன் துணுக்கு விழுந்த இடத்தில் எலிமயிர் மாதிரி சாம்பல் பூஞ்சை. நினைத்ததைவிடக் கேவலம். ஆனால் அவள் தேடியது அங்கே இல்லை. புள்ளிகளுக்குக் கீழே பச்சை அப்படியே இருந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இல்லை.

அவளுடைய கழுவாத கையின் தட்டிலும் இரண்டு மூன்று புள்ளிகள்தான். பச்சைக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது தட்டில் ஐந்து ஓட்டைகள் இருந்தன. கட்டைவிரலுக்கு ஒன்று பெரிதாக, மற்ற நாலும் வரிசையாக, சுண்டுவிரல் சின்னதாக. அச்சடித்த மாதிரி. ஒவ்வொன்றின் விளிம்பும் ஈரமாக மினுங்கிற்று. தட்டு மாறியிருக்கும் என்று அடியில் பார்த்தாள். அவள் கையெழுத்து. 'நான். கழுவிய பின்.' தன் வலது கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தாள். ஐந்து விரலும் ஐந்து ஓட்டையின் மேல் சரியாக உட்கார்ந்தன.

கழுவாத கையில் இல்லாதது கழுவின கையில் வந்தது என்றால், எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அதிக நேரம் வேண்டாம். அவள் தொட்டியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். எத்தனை தடவை எடுத்திருக்கிறாள். ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தாளா? நாரெல்லாம் வந்து சேர்கிற அடிப்பாகத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு கோழை. டம்ளருக்குள் விரலை விட்டாள். உள்சுவர் முழுக்க வழவழவென்று விரல் வழுக்கிற்று. டியூப் லைட் வெளிச்சமும் தண்ணீரும் கிடைத்த இடத்தில் பாசியும் அழுக்கும் சேர்ந்து ஒரு மெத்தை போட்டிருந்தன. மோந்து பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மறந்துபோன கீரையின் நாற்றம். 'தொடாதே' என்ற தாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோழையை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எல்லாம் இருந்தன. அதே முள் முள்ளான சளி, அதே புழு, அதே சுழலும் மயிர், இன்னும் அவள் பார்த்தே இராத என்னென்னவோ. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தின்று, கழிந்து, இரண்டாகி, மறுபடி தின்று. அந்தக் கூடத்திலேயே கொழுத்த மேய்ச்சல் நிலம் இதுதான். அவளேதான் அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றிப் பாலூட்டி வளர்த்திருக்கிறாள். இதைத்தான் நகக்கண் ஒவ்வொன்றிலும் ஏற்றி, தேய்த்துத் தேய்த்துப் பதித்து, தாய்த்துணிக்குக் கொண்டுபோய் ஊட்டியிருக்கிறாள். அதே கையால் மதியம் சாப்பிட்டிருக்கிறாள். அதே கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறாள். வீட்டுக் குளியலறையிலும் இதே மாதிரி ஒரு பிரஷ், ஒரு டம்ளரில், இருக்கிறது.

வாந்தி வந்தது. தொட்டியிலேயே எடுத்தாள். வாயைத் துடைக்கக் கை போயிற்று, பாதியில் நின்றது. கழுவலாம் என்று குழாயைத் திறக்கப் போனாள். அந்தக் குழாயின் வாயில் இருந்த சல்லடையைப் பார்த்தாள். சோப்புப் பெட்டிக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். எதைக் கொண்டு எதைக் கழுவுவது? தன் உடம்பில் இருந்தே கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான ஒன்றை அவள் பார்த்ததில்லை. அது அவள் தோளிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டை அங்கேயே உடைத்துப் போட்டுவிடலாம். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டால் ஓட்டை விழுவது தானாக நின்றுவிடும். அவர் போனதால்தான் நின்றது என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. இதெல்லாம் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, அந்த நினைப்பும் டம்ளரின் உள்சுவர் மாதிரியே வழுக்கிற்று. அதன் மேலும் அவளுக்குக் குமட்டியது.

மூன்று தட்டையும் எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். தோளால் கதவைத் தள்ளினாள், பழக்கம் விடுமா. தட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"இது அவர் கை. இது நான் கழுவாத கை. இது நான் கழுவின கை."

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அப்ப மேய்ச்சல்?"

"நான் அன்னிக்குச் சொன்னது அவரை இல்ல மேடம். இந்தப் பிராணிங்க படலத்தைத் திங்கிறதுக்குப் பேரே மேய்ச்சல்தான். நீங்க அவர்னு எடுத்துக்கிட்டீங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீ அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அவரைப் பார்த்தா எனக்கு அருவருப்பா இருக்கும் மேடம். அதனால."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் முதலாளியம்மா திட்டியிருப்பார். இதற்கு, மூன்று தட்டையும் மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு போனை எடுத்து அவரை வரச் சொன்னார். வைத்துவிட்டு, "இனிமே படலத்தை அவன் மாத்தட்டும். எப்படின்னு நீ சொல்லிக் குடு. தண்ணி ஊத்துறது நீ" என்றார். "அந்த டம்ளரை முதல்ல தூக்கிப் போடு."

அவர் மறுநாள் வந்தார். பழைய சட்டை. பழைய ஸ்டூல். அவரிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். வார்த்தை மாறிப்போனது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது, பிரஷ், டம்ளர், ஐந்து ஓட்டை, எதையும் விடவில்லை. பிரஷ்ஷில் என்னென்ன இருந்தது என்பதையும் கேட்காமலே சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் தாடை மெதுவாகி நின்றுவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேண்ணே" என்றாள்.

"சரிம்மா. விடு. அதான் சொல்லிட்டியே." உண்மையிலேயே விட்டுவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. அவருக்கு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. பழக்கத்தில் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தார். பழக்கத்தில் நீட்டினார்.

"கொஞ்சம் எடுத்துக்கம்மா, சூடா இருக்கு."

அவள் முதல்முறையாகக் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். விரல்நுனிகளை, ஒவ்வொன்றாக. பொட்டலம் அவர் கையில் கொஞ்சம் பின்னால் போயிற்று. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிறகு சங்கடமாகச் சிரித்துக்கொண்டு, பொட்டலத்தின் ஓரத்தில் இருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்தார். அதில் கொஞ்சம் கடலையைக் கொட்டி, தாளின் நுனியைப் பிடித்து அவளிடம் தந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. கைய மட்டும் உள்ள விட வேணாம்."

"அதுவும் சரிதான்ணே" என்று வாங்கிக்கொண்டாள். வாசல்படியில் அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்து, கடலையைக் கையால் தொடாமல், தாளிலிருந்தே வாயில் சாய்த்துத் தின்றாள்.